தரையில் நின்று கேட்டவன்

அன்புள்ள தம்பி,

நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புட்டும் கோழிக்கறியும் சாப்பிட்டு முடித்து, கை கழுவ எழும்பாமல் எச்சில் கையோடு இருந்துகொண்டு கேட்டாய்: "அப்பா, நான் போனால் நீங்கள் தனியச் சமாளிப்பீங்களோ? ஏலாது எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ, நான் இஞ்சயே நிக்கிறன்." நான் என்ன சொன்னேன்? நீ போனால் குளியலறை முழுநாளும் எனக்குத்தான், உன் தலைமயிருக்கு வாங்கி அடுக்கியிருக்கிற போத்தல்களை எடுத்துவிட்டால் அதற்குள் ஒரு கட்டிலே போடலாம் என்றேன். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாய். அது உன் அம்மாவின் பார்வை. பகிடியைக் கையில் வாங்கி, பிரட்டிப் பிரட்டி, அதன் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று தேடுகிற பார்வை.

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு விமானம். அதுவும் பக்கத்து ஊருக்கா? நியூசிலாந்து. அதற்கு அங்கால் போவதென்றால் கடலுக்குள்தான் இறங்க வேண்டும். நிலம் அசையாத ஊரில் படித்துவிட்டு, நிலநடுக்கம் வருகிற ஊரில் கட்டடம் விழாமல் பார்க்கப் போகிறாய். நீ எழும்பும்போது நான் படுக்கப் போவேன். மூன்று வருஷ ஒப்பந்தம், நல்ல வேலை, நீ ஆசைப்பட்ட வேலை, அதெல்லாம் எனக்கு விளங்குகிறது. ஆனால் நான் ஒரு சொல் சொன்னால் நின்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டாயே, அந்த ஒரு சொல்லைத்தான் ஒரு கிழமையாக வாயில் வைத்துக்கொண்டு திரிகிறேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வாயால் சொல்லப் போனால் பகிடிதான் வரும் என்று தெரிந்து எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடி வரவில்லை. எழுத்துப் பிழை இருக்கும். உனக்கு அது பிழை என்று தெரியாது என்ற தைரியத்தில்தான் பேனையைத் தொட்டேன். எழுத்துக் கூட்டி மெல்ல வாசி. இதை வேறு ஆட்கள் வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. இந்த நாட்டில் எங்களுடைய ஆட்களின் வீடுகளில் எப்போதும் யாரோ ஒரு பிள்ளை பெட்டி அடுக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு அவரைப் பெரிதாக நினைவிருக்காது. நீ பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கிய வருஷம் போய்ச் சேர்ந்தவர். லுசேர்ணில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய மரப்படி வீட்டில், எங்களுக்கு மேல்மாடியில் தனியாக இருந்த ஆங்கிலேயர். இரண்டாம் உலக யுத்தத்தில் இரவுச் சண்டை விமானம் ஓட்டியவர். யுத்தம் முடிந்த பிறகு, புதிதாகச் செய்கிற விமானங்களை முதன்முதலில் மேலே கொண்டுபோய்ப் பார்க்கிற பரிசோதனை விமானியாக வேலை செய்தவர். ஒரு சுவிஸ் பெண்ணைக் கட்டி, பிறகு அவவின் ஊருக்கே வந்து, அவ செத்த பின்பும் திரும்பிப் போகாமல் இருந்துவிட்டார். அவருடைய பெயருக்கு என் நாக்கு வளையவில்லை, துரை என்று கூப்பிட்டேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். எங்கள் ஊரில் வெள்ளைக்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம், பாதி மரியாதை, பாதி நக்கல் என்றேன். இரண்டு பாதியும் தனக்கு வேண்டும் என்றார். அவர் சொன்னதையெல்லாம் இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன். அவருடைய இங்கிலீசும் அவருடைய முறிந்த ஜெர்மனும் என் மண்டைக்குள் அப்படித்தான் இறங்கின.

நான் அப்போது கல்யாணம் ஆகாதவன். அகதி மனுக் கொடுத்துவிட்டு, முடிவு வராமல், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டு, அதே வீட்டின் கூரைக்கடியில் ஓர் அறையில் இருந்தேன். நிமிர்ந்தால் தலை இடிக்கும். எனக்கு இவ்வளவு பணிவு வந்தது அங்கேதான். பின்னேரம் வேலைக்கு இறங்கும்போது படியில் ஒரு குரல் கேட்கும். "கைபிடி ஈரம். வலது முழங்கால் நோ, நேற்றையைவிடக் கூட. இந்தப் படி ஆடுது." யாருக்கோ சொல்வதுபோல, கோபமும் இல்லாமல் கவலையும் இல்லாமல் ஒரே சீராக. செத்துப்போன மனிசியோடு கதைக்கிறார் என்று நினைத்து, கொஞ்ச நாள் நான் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பிறகு ஒருநாள் பொறுக்க முடியாமல், யாரோடு கதைக்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். ஒருவரோடும் இல்லை, பழக்கம் என்றார்.

படியிலேயே இருந்து விளங்கப்படுத்தினார். யுத்த காலத்து விமானத்தில் அவருக்குப் பின்னால் ஒருவன் இருப்பானாம். ராடார் பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, இடது, இன்னும் கொஞ்சம் இடது, மெல்ல மெல்ல என்று வழி சொல்லுவானாம். அந்தக் குரலை நம்பித்தான் இருட்டுக்குள் போவார்களாம். பரிசோதனை வேலைக்கு வந்தபோது ஒற்றை இருக்கை. பின்னால் ஆள் இல்லை. அங்கே விமானி தான் காண்பதையும் உடம்பில் உணர்வதையும் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தரையில் ஒருவன் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். விமானம் திரும்பி வராவிட்டாலும் சொன்னது தரைக்கு வந்துவிட்டிருக்கும், அடுத்ததாக ஏறுகிறவன் அதை வைத்துத் தப்புவான். மனிசி இருக்கும்வரை வீட்டில் அவதான் தரை. காலையில் எழும்பி முதுகு எப்படி, கண் எப்படி என்று இவர் சொல்லுவார், அவ கோப்பி ஊற்றிக்கொண்டு கேட்பா. இப்போது தரையில் ஆள் இல்லை, வாய் மட்டும் நிற்கவில்லை.

எனக்கு அவரில் இரக்கம் வந்தது. ஆனால் அவர் விமானக்காரன். எங்கள் பக்கத்தில் இரைச்சல் கேட்டால் நாங்கள் மேலே பார்ப்பதில்லை, பதுங்கு குழியைத்தான் பார்ப்போம். அதனால் நேரே கேட்டேன்: "நீங்கள் குண்டு போட்டவரோ, குண்டு போட வந்தவனைப் பிடிச்சவரோ?" பிடித்தவர் என்றார். அப்படியென்றால் உங்களுக்குச் சோறு தரலாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கடைசி வருஷத்தில் தானும் ஜெர்மன் பக்கம் பறந்து போனதாகவும், சண்டை முடித்துத் தங்கள் இடத்தில் இறங்க வந்த பெடியன்களை, சக்கரம் வெளியே விட்டிருந்த நேரம் பார்த்துச் சுட்டதாகவும் சொன்னார். "அதுக்கும் சோறு தருவியோ?" என்று கேட்டார்.  அந்த ஞாயிற்றுக்கிழமை சோறு கொடுத்தேன், கறியைக் குறைத்துக் கொடுத்தேன். அவருக்கு அது விளங்கியது. இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்கவில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் சாப்பிட வந்தார். முதன்முதலாக எங்கள் மிளகாய்த்தூளில் வைத்த மீன்குழம்பை வாயில் வைத்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். முகம் அந்தக் குழம்பின் நிறத்துக்கே வந்துவிட்டது. நான் தண்ணீரோடு ஓடினேன். அவர் கையைக் காட்டி மறித்துவிட்டு, நிமிர்ந்திருந்து அறிக்கை கொடுத்தார்: "நாக்கின்ரை நடு, எரிவு. ரெண்டு பக்கமும் பரவுது. இடது கண்ணில தண்ணி. காது சூடு. கட்டுப்பாட்டுக்குள்ள இருக்கு. தொடருறன்." தொடர்ந்தார். மூன்றாம் கிழமை, போன கிழமை எரிவு கூட இருந்தது, தூளைக் குறைத்துவிட்டாய் என்று குற்றம் சொன்னார். பிறகு உன் அம்மா இங்கே வந்து, நாங்கள் இரண்டாம் மாடிக்கு மாறிய பின்பும் அந்தச் சாப்பாடு நிற்கவில்லை. என் சமையலை ஒரு சொல்லில் 'பரவாயில்லை' என்று முடித்துவிடுவா உன் அம்மா. துரைதான் அதை உறுப்பு உறுப்பாகச் சொன்ன ஒரே ஆள்.

அவர் சொன்னதில் ஒன்று எனக்கு மறக்காது. இரவில் பறக்கிறவன் ஒன்றையும் நேரே பார்க்கக் கூடாதாம். நேரே பார்த்தால் இருட்டில் அது மறைந்துவிடும், கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தட்டுப்படும். அப்படியே பழகிவிட்டாராம். யுத்தம் முடிந்து வந்த பிறகு மனிசியையும் அப்படித்தான் பார்த்தாராம், செத்துப்போன கூட்டாளிகளையும் அப்படித்தான் நினைத்தாராம், ஓரமாக. பரிசோதனை வேலையில் சேர்ந்தபோது அங்கே இருந்தவர்கள், பகல் வெளிச்சத்தில் நேரே பார், பார்த்ததை வாயால் சொல் என்றார்களாம். சுடுவதைவிட அது பயமாக இருந்தது என்றார். தம்பி, நான் இரவு விமானி வகை. பகிடி என்பது ஓரமாகப் பார்க்கிறதுதான். அம்மா போன பிறகு நான் உன்னோடு கதைத்த கதைகளை யோசித்துப் பார். எதையாவது நேரே பார்த்தேனா?

இனி ஃபோன் கதை. நான் கூரைக்கடி அறையில் இருந்த காலம், எனக்கு ஃபோன் இல்லை, துரையின் வீட்டில் போய்த்தான் கதைப்பேன். உன் அப்பம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து லொட்ஜில் நின்றுகொண்டு எடுத்தா. அந்தக் கிழமைதான் என் அகதி மனுவை முதல்தரம் நிராகரித்திருந்தார்கள், அப்பீலில் கிடைத்தது பிறகுதான். ஹோட்டலில் கொதிதண்ணீர் பட்டு வலது கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தேன். இடது கையால் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, நல்லா இருக்கிறன் அம்மா, ஒரு குறையுமில்லை, நல்லா இருக்கிறன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவவும் நாங்களும் நல்ல சுகம் என்றுதான் சொன்னா. ஷெல் விழுந்து வீட்டுக் கூரை பறந்த விஷயம் வெகுகாலத்துக்குப் பிறகு வேறு ஓர் ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்கள் எல்லாரும் அப்படித்தானே. தூரத்தில் இருக்கிறவருக்குக் கெட்டதைச் சொல்வது பாவம் என்று வளர்ந்தவர்கள். ஃபோனை வைத்ததும் துரை, திருப்பித் திருப்பி என்ன சொன்னாய் என்று கேட்டார். எல்லாம் நல்லம் என்று சொன்னதாகச் சொன்னேன். அவர் என் கட்டைப் பார்த்தார். எங்கள் இடத்தில் எல்லாம் நல்லம் என்று இரண்டு தரம் சொன்னவனை மூன்றாம் தரம் மேலே விடமாட்டார்கள் என்றார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு புது ஜெட் விமானம். காலையில் அவருடைய கூட்டாளி கொண்டுபோனான். ஒரு வேகத்துக்கு மேலே வாலில் சின்ன ஒரு நடுக்கம் இருந்திருக்கிறது. இறங்கி வந்தவனைச் சுற்றி, கிழமைக்கணக்காக நித்திரையில்லாமல் அதைச் செய்த ஆட்கள் முகம் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அந்த முகங்களைப் பார்த்துவிட்டு எல்லாம் நல்லம் என்று சொல்லிவிட்டான். பின்னேரம் துரை ஏறினார். நடுக்கம் சின்னதாக இருக்கவில்லை. புல்லுத்தரையில் கொண்டுவந்து விழுத்தினார், முதுகெலும்பு முறிந்தது. அந்தக் கூட்டாளி ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க இருந்தானாம். "அவன் பொய்யன் இல்லை. மற்றவை சந்தோசமாய் இருக்கட்டும் எண்டு நினைச்சவன். அந்த நல்ல மனம்தான் என்ரை முதுகை முறிச்சது" என்றார். சொல்லிவிட்டு என் கட்டுப் போட்ட கையைத் தூக்கி மேசையில் வைத்து, அறிக்கை சொல்லச் சொன்னார். எரியுது என்றேன். எங்கே, எவ்வளவு என்றார். கை மட்டுமில்லை, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது என்றேன். எப்படி வெளியே வந்தது என்று எனக்கே தெரியாது. இந்தக் கடிதத்தின் தலையை ஒருக்கால் பார். நான் நலம், உன் நலமறிய ஆவல் என்று எங்கள் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற வரியை நான் எழுதவில்லை.

துரை அந்த ஆடுகிற படியிலேயே விழுந்தார். கால் முறிவு, பிறகு நெஞ்சில் சளி. வேலைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரிக்குப் போவேன். கடைசியாக நான் பார்த்த அன்று அவர் அறிக்கை கொடுத்தார். மூச்சு குறைகிறது, விரல் குளிர்கிறது, பயம் இருக்கிறது, பெரிதாக இல்லை, ஆனால் இருக்கிறது. நானும் எங்கள் ஆட்களில் ஒருவன்தானே. "ஒண்டும் இல்லை துரை, ஞாயிற்றுக்கிழமை புட்டுச் சாப்பிட வந்திடுவியள்" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். என்னோடு அவர் சலித்துக்கொண்டது அந்த ஒரே முறைதான். தரையில் நிற்கிறவனின் வேலை ஆறுதல் சொல்வது இல்லையாம். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதாம். அப்போதுதான் மேலே இருக்கிறவனுக்கு, தான் சொன்னது போய்ச் சேர்ந்தது என்று தெரியுமாம். "நான் சொன்னதைச் சொல்லு" என்றார். சொன்னேன். உங்களுக்கு மூச்சு குறையுது. விரல் குளிருது. பயமாய் இருக்கு. சொல்லச் சொல்ல அவருடைய முகம் இளகிக்கொண்டு வந்தது. "இப்பதான் கேட்டனி" என்றார். இரண்டொரு நாளில், நான் சமையலறையில் நின்ற நேரம், போய்விட்டார்.

சொந்தக்காரர் என்று ஒருவரும் வரவில்லை. சவக்காலையில் ஒரு சின்னக் கல்லும் ஒரு பூஞ்செடியும். எங்களுக்குக் கல்லறை பார்த்துப் பழக்கமில்லையே. முதலாம் வருஷ நினைவுக்கு உன் அம்மா சோறு, பருப்பு, வடை எல்லாம் வைத்து, தமிழ்க் கடையில் வாழையிலை வாங்கி, அவருடைய கல்லுக்கு முன்னால் படைத்துவிட்டு, காகம் வரட்டும் என்று நின்றா. காகம் வந்தது. அந்தச் சவக்காலையில் அவ்வளவு காகம் இருக்கிறது என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும். பக்கத்துக் கல்லறையின் மெழுகுதிரி, பூச்சாடி எல்லாம் உருண்டன. தோட்டக்காரன் கத்திக்கொண்டு ஓடி வந்தான். உன் அம்மா அசையவில்லை. காகம் எடுத்துவிட்டது, துரைக்குத் திருப்தி என்று அவனுக்குத் தமிழிலேயே விளங்கப்படுத்தினா. அதற்குப் பிறகு நான் தனியாகப் போகத் தொடங்கினேன், இலை இல்லாமல்.

இப்போது அம்மாவின் கதைக்கு வருகிறேன். இதை நீ நாலு வருஷமாக என்னிடம் திரும்பக் கேட்காமல் வைத்திருக்கிறாய். ஆஸ்பத்திரியில் நீ கோப்பி வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தபோது, நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தேன்: "தம்பியின்ரை கலியாணத்தைப் பாக்கமாட்டாய் எண்டு உனக்குத் தெரியும். அதுதான் உனக்குப் பெரிய கவலை." நீ கோப்பியை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாய். பிறகு நடைபாதையில் என்னைப் பிடித்து, "அம்மாவுக்கு ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்? உங்களுக்கு மனம் எண்டு ஒண்டு இருக்கோ?" என்று கேட்டாய். நான், மனம் இருந்தது, ஹோட்டல் ஃப்ரிஜ்ஜுக்குள் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றேன். அந்தப் பகிடியை நீ மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் தேவையில்லை. ஆனால் அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொண்டு விமானம் ஏறு.

அன்றைக்கு எங்கள் ஆட்கள் வந்து போயிருந்தார்கள். பழம், ஹோர்லிக்ஸ், கோவில் திருநீறு, எல்லாரும் ஒரே பாட்டு. ஒண்டும் இல்லை அக்கா, நல்லா வந்திடும், வீட்டை போய்ச் சமைப்பியள். அவர்கள் போனதும் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தா. பிறகு மெல்ல, "இஞ்சரப்பா, எனக்குப் பயமாயிருக்கு" என்றா. என் நாக்கு நுனியில் ஒரு பகிடி வந்து நின்றது, அதற்குப் பின்னால் ஒண்டும் இல்லை வந்து நின்றது. இரண்டையும் விழுங்கிவிட்டு, உனக்குப் பயமாயிருக்கு என்றேன். அவ திரும்பிப் பார்த்தா. செத்திடுவன் எண்டு பயமாயிருக்கு என்றா. நீ செத்திடுவாய் எண்டு பயப்பிடுறாய் என்றேன். அப்படித்தான் ஒவ்வொன்றாக வந்தது. கடைசியாக வந்தது உன் கல்யாணம், அதைத்தான் நான் திருப்பிச் சொல்லும்போது நீ கேட்டாய். நீ போன பிறகு அவ கனநேரம் கதைத்தா. தன்னை எந்தச் சேலை உடுத்தி அனுப்ப வேண்டும், உனக்குத் தொப்பி போடாமல் குளிருக்குள் போகிற குணம், எல்லாம். "நீங்கள் இவ்வளவு நேரம் பகிடி விடாமல் இருந்தது இண்டைக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தா. அந்தக் கிழமை முழுக்க அவ சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. நான் அவவுக்குச் செய்த நல்லது என்று ஒன்று இருந்தால் அது அதுதான், தம்பி.

அம்மாவை எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்தோம். தண்ணீர் போய்விட்டது. போய் நிற்க எங்களுக்கென்று ஓர் இடமில்லை. அதனால் துரையின் கல்லடியில்தான் போய் நிற்பேன். உனக்கு இது தெரியாது. லீவு நாளில் எங்கே போனீர்கள் என்று நீ கேட்டால் ஏரிக்கரையில் வெள்ளைக்காரிகளைப் பார்க்கப் போனேன் என்பேன். அங்கே போய் அன்றன்றைக்கு உள்ளதைச் சொல்லுவேன். முழங்கால் நோ. புது சமையல் பெடியன் உப்புப் போடத் தெரியாதவன். இவ இல்லாமல் வீடு பெரிதாகத் தெரியுது. ஒருவரும் திருப்பிச் சொல்லமாட்டார்கள், ஆனாலும் சொல்லிவிட்டு வருவேன்.

போன மாதம் போனால் அந்த வரிசையில் ஓர் அறிவித்தல் குத்தியிருக்கிறது. இங்கே கல்லறையும் வாடகை வீடுதான். இருபது, இருபத்தைந்து வருஷம் போனால் வரிசையாகக் கிளப்பிவிடுவார்கள். இந்த இலையுதிர் காலத்தோடு கல்லை எடுத்து நிலத்தை மட்டப்படுத்திப் புல்லுப் போடப் போகிறார்கள். பழைய தோட்டக்காரன் ஓய்வு பெற்றுவிட்டான், இப்போது ஓர் இளம் பெண். நீங்கள் இவருக்கு என்ன உறவு, கல் வேண்டுமா என்று கேட்டாள். கல்லைக் கொண்டுபோய் எங்கள் பல்கனியில் வைத்தால் வீட்டு நிர்வாகம் என்னையும் சேர்த்துக் கிளப்பும் என்றேன். அவள் சிரித்தாள். உறவு என்ன என்று திரும்பவும் கேட்டாள், எழுத வேண்டுமாம். அதற்கு எனக்குப் பகிடி வரவில்லை. இவர் சொன்னதை நான் கேட்கிறனான் என்றேன். அவள் எழுதாமலே பேனையைச் சட்டைப்பைக்குள் வைத்தாள். பஸ்ஸில் வரும்போது உனக்கு ஃபோன் எடுக்கப் போனேன். துரையின் கல் போகுது என்று சொல்லப் போனால், உனக்கு அது என்ன கல் என்று முதலில் சொல்ல வேண்டும், பிறகு அம்மாவைச் சொல்ல வேண்டும், பிறகு நீ போவதைச் சொல்ல வேண்டும். ஃபோனைத் திருப்பிச் சட்டைக்குள் வைத்தேன். அந்த பஸ்ஸில் என்னைப்போல் தனியாக ஓர் ஆள் இருந்திருக்கமாட்டான்.

ஆகவே இதுதான் பதில். ஓம், நீ போனால் நான் தனியாகத்தான் இருப்பேன். வேலையில் எல்லாரோடும் பகிடி விட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தால், வீட்டுக்குள் என் சத்தம் ஒரு துண்டும் மிச்சமிருக்காது. ஞாயிற்றுக்கிழமைதான் மோசம். கடை பூட்டு, தெரு பூட்டு, உடுப்புத் தோய்த்தால் மெஷின் சத்தம் என்று கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டுவா. நீ சாப்பிடுவாய் என்பதற்காகத்தான் சனிக்கிழமை கோழி வாங்குகிறேன். நீ போன பிறகு வாங்குவேனோ தெரியாது. காலையில் நெஞ்சுக்குள் ஒரு பாரம் இருக்கிறது. டொக்டரிடம் காட்டினேன், இதயம் சரியாக இருக்கிறதாம். சமாளிப்பேனோ என்று கேட்டாய். அதிகமான நாட்களில் சமாளிப்பேன் என்று நினைக்கிறேன். சில நாள் ஏலாமல் போகும். இதில் நான் ஒன்றையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இதை வாசித்துவிட்டு, அப்பா நிற்கச் சொல்கிறார் என்று பெட்டியைத் திறந்துவிடாதே. நீ கேட்ட அந்த ஒரு சொல் இது இல்லை. வாலில் நடுக்கம் இருக்கிறது என்று துரை சொன்ன ஒவ்வொரு முறையும் விமானத்தைக் கொண்டுபோய் உடைத்துப் போடுங்கள் என்று சொல்லவில்லை. இருக்கிறதைத் தெரிந்துகொண்டு பறக்கட்டும் என்றுதான் சொன்னார். எல்லாம் நல்லம் என்று சொல்லி உன்னை அனுப்பியிருந்தால் நீ சந்தோசமாகப் போயிருப்பாய், பிறகு ஒவ்வொரு ஃபோனிலும் நீயும் எனக்கு அதையே சொல்லியிருப்பாய். உன் அப்பம்மாவும் நானும் அப்படிச் சொல்லிச் சொல்லியே ஒருவரையொருவர் தெரியாமல் போனோம். உன்னை நான் அப்படி இழக்கமாட்டேன். நீ அங்கே போய், வேலை பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லு. ஓர் ஆளைப் பிடித்துவிட்டது என்றாலும் சொல்லு, யார் என்றாலும். நான் பயந்தால் பயப்படுகிறேன் என்று சொல்லுவேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யமாட்டேன்.

வெள்ளிக்கிழமை ஸூரிச் விமான நிலையத்துக்கு நானும் வருவேன். பகிடியே விடமாட்டேன் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. பெட்டி நிறை கூடினால் கட்டாயம் விடுவேன். ஆனால் நீ உள்ளே போகிற இடத்தில், அப்பாவுக்கு அழுகை வருது என்று உனக்குச் சொல்லுவேன். ஒண்டும் இல்லையப்பா, மூண்டு வருஷம்தானே என்று சொல்லாதே. அப்பாவுக்கு அழுகை வருது என்று நீயும் ஒருக்கால் சொல்லு. சொல்லிவிட்டுப் போ, மகன்.

அப்பா